சாமி கும்பிடாத நர்ஸும் மந்திரக் கதைகளும்

எங்க ஐசியூல ஒருத்தர் இறந்துட்டா அதோட நர்ஸ் வேலை முடியறதில்ல, அங்க இருந்துதான் ஒரு தனி வேலை ஆரம்பிக்குது. டாக்டர் வந்து பல்ஸ் பாப்பார், கண்ணுல டார்ச் அடிச்சுப் பாப்பார், ஈசிஜி எடுத்து நேர்கோடா வர்ற அந்தத் தாளை ஃபைல்ல வச்சு டைம் எழுதி டிக்ளேர் பண்ணிட்டு, வெளிய நிக்கிற சொந்தக்காரங்ககிட்ட சொல்லப் போயிடுவார். பெட் பக்கத்துல மிச்சம் நிக்கிறது நாங்கதான். வென்டிலேட்டரை ஆஃப் பண்ணணும், ட்யூபை எடுக்கணும் (போலீஸ் கேஸா இருந்தா எதையும் கழட்டக் கூடாது, போட்டது போட்டபடியே போகணும்), மூக்கு வழியா போட்ட ரைல்ஸ் ட்யூப், யூரின் கேத்தீட்டர், கழுத்துல போட்ட லைன் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்து ரத்தம் கசியற இடத்துல பஞ்சு வச்சு ஒட்டணும். உடம்பைத் துடைக்கணும். கண்ணை மூடி விடணும். கொஞ்ச நேரத்துலயே தாடை விறைக்க ஆரம்பிச்சிடும், அதுக்குள்ள காஸ் துணியால தாடையைக் கட்டணும், ரெண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டணும். பேர் எழுதின லேபிள், வெள்ளைத் துணி, அப்புறம் ஃபார்ம் 4 (சாவுக்கான காரணத்தை டாக்டர் எழுதித் தர்ற சான்று), ரெஜிஸ்டர், மார்ச்சுவரிக்கு ஒரு போன்.

இதைச் செய்யறப்ப கூட நிக்கிற சிஸ்டர்ஸ் எல்லார்கிட்டயும் ஏதோ ஒண்ணு இருக்கும். கன்னியாகுமரிப் பக்கத்துல இருந்து வந்த என் சீனியர் அக்கா வாய்க்குள்ளயே ஜெபம் சொல்லிக்கிட்டே துடைப்பாங்க. இன்னொருத்தங்க வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளிச்சு விளக்கு ஏத்திட்டுதான் காபியே குடிப்பாங்க. சொந்தக்காரங்க உள்ள வந்தா திருநீறு பூசுவாங்க, துளசித் தண்ணி வாயில விடலாமான்னு கேப்பாங்க, முஸ்லிம் வீட்டுக்காரங்க காதோரமா கலிமா சொல்வாங்க, பெட்டைக் கொஞ்சம் திருப்பித் தர முடியுமா சிஸ்டர்னு கேப்பாங்க. நான் எல்லாத்துக்கும் வழி பண்ணிக் குடுப்பேன், ஒயரை எல்லாம் ஒதுக்கி இடம் விட்டு நிப்பேன், அதுல எனக்கு ஒரு சங்கடமும் இல்ல, அவங்க கண்ணுல அந்த நேரத்துல தெரியற ஒரு பிடிப்பைப் பாத்து எனக்கு மனசு நெகிழ்ந்துதான் போகும். ஆனா எல்லாம் முடிஞ்சு காலைல ஷேர் ஆட்டோவுல வர்றப்ப எனக்குன்னு எதுவும் இருக்காது.

ஏன்னா நான் வளந்ததே சாமி இல்லாத வீட்டுல. அப்பா திராவிடர் கழகம். எங்க அப்பா அம்மாவுக்கு நடந்தது சுயமரியாதைக் கல்யாணம், 1967ல அண்ணா ஆட்சியில சட்டம் போட்டு செல்லும்னு ஆக்கினாங்களே அந்த மாதிரிக் கல்யாணம், புரோகிதர் இல்லாம மாலை மாத்தி ஒப்பந்தம் படிச்சு. அப்பா இறந்தப்ப சடங்கு ஒண்ணும் பண்ணல, பதினாறாம் நாளும் கிடையாது, ஒரு மண்டபத்துல படத்திறப்பு வச்சோம், தோழர்கள் வந்து பேசினாங்க, எனக்கு அதுல இன்னைக்கும் பெருமைதான். பேய்க்கும் சாபத்துக்கும் நல்ல நேரம் கெட்ட நேரத்துக்கும் பயப்படாம ஒரு பொண்ணா நைட் டூட்டி பாக்கறதுக்கான தைரியம் அந்த வீடு குடுத்தது. ஆனா படத்திறப்புங்கறது ஊர் கூடி செய்யறது, பேச்சு இருக்கும், மைக் இருக்கும். ராத்திரி மூணு மணிக்கு, நேத்து வரைக்கும் யாருன்னே தெரியாத ஒருத்தரோட கட்டைவிரலைக் கட்டிக்கிட்டு நிக்கிறப்ப எனக்கு வேற ஒண்ணு தேவைப்பட்டுச்சு. சாமி தேவைப்படல. இவ்ளோ பெரிய விஷயம் நடந்திருக்கு, இது பெருசுதான்னு எனக்கு யாராவது சரியான வார்த்தையில சொல்லணும், அதுக்காக எங்கிட்ட எந்தப் பொய்யும் சொல்லக் கூடாது. அவ்ளோதான் கேட்டேன்.

அது எனக்குக் கிடைச்ச இடம் ஃபேண்டஸி நாவல்கள்.

முதல்ல படிச்சது உர்சுலா லெ குவின் எழுதின எர்த்ஸீ வரிசை. 1968ல முதல் நாவல் வந்துச்சு, 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. லெ குவின் 1929ல கலிஃபோர்னியாவுல பெர்க்லியில பிறந்தவங்க, அப்பா ஆல்ஃப்ரெட் க்ரோபர் பெரிய மானுடவியல் அறிஞர். அவங்களை இழுத்தது கோயிலும் சர்ச்சும் இல்ல, சீனத்து தாவோ சிந்தனை. அந்தச் சிந்தனையோட மூல நூலான தாவோ தே ஜிங்கை அவங்களே ஆங்கிலத்துல தன் வடிவத்துல எழுதி 1997ல புத்தகமாவும் போட்டாங்க. எர்த்ஸீ முழுக்க தீவுகள், கடல், மந்திரவாதிகள், டிராகன், ஆனா அந்த மந்திரவாதிங்க யார்கிட்டயும் வரம் கேக்கறதில்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு உண்மைப் பேர் இருக்கு, அந்தப் பேரைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாதான் மந்திரம், ஒரு இடத்துல எதையாவது மாத்தினா இன்னொரு இடத்துல தராசு சாயும், அதனால யோசிச்சுச் செய். ரெண்டாவது நாவல்ல கோயில் வருது, அதுவும் ஒரு சின்னப் பொண்ணை அவ வீட்டுல இருந்து பிடுங்கிட்டு வந்து பேரையே எடுத்துட்டு பூசாரி ஆக்கி வச்சிருக்கிற கோயில். நான் வளந்த வீட்டுக்கு இது ஒண்ணும் அந்நியமான ஊர் இல்ல.

முதல் நாவல்ல ஒரு இடம் இருக்கு, நர்ஸா இருக்கிற யாரும் அதைச் சும்மா தாண்டிப் போக முடியாது. கெட்னு ஒரு இளம் மந்திரவாதி, ஒரு சின்னத் தீவுல வேலை பாக்கறான், அங்க படகு கட்டற ஒருத்தன் அவனுக்கு நண்பன். நண்பனோட குழந்தைக்குக் காய்ச்சல், சாகப் போகுது. மூலிகை சொல்லிக் குடுத்த வாத்தியார் கெட்டுக்கு ஏற்கனவே சொல்லியிருக்கார், காயத்தை ஆத்து, நோயைக் குணமாக்கு, ஆனா போற உயிரைப் போக விடுன்னு. நண்பன் முகத்தைப் பாத்துட்டு கெட்டால அது முடியல. குழந்தையோட உயிர் பின்னாடியே ஓடறான், இருட்டுல ஒரு சரிவுல இறங்கி, இடுப்புயரம் கூட இல்லாத ஒரு கல் சுவரைத் தாண்டி செத்தவங்க பக்கத்துக்கே போயிடறான். குழந்தை கைக்கு எட்டல. திரும்பி ஏறி வர்றதுக்குள்ள அவனே போயிருப்பான். இங்க அவன் உடம்பு பொணம் மாதிரி கெடக்கு, அவன் வளக்குற ஒரு குட்டிப் பிராணி வந்து நக்கி நக்கித்தான் அவனுக்கு நினைவு திரும்புது.

நான் இதைப் படிச்சது ஒரு சிபிஆர் முடிஞ்ச வாரத்துல. சிபிஆர்னா நின்னுபோன இதயத்துக்காக நெஞ்சை அமுக்கறது, சினிமாவுல காட்டற மாதிரி நாலு அமுக்குல எந்திரிச்சு உக்கார்றது கிடையாது, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை, நெஞ்சுக்கூடு இறங்கற அளவுக்கு அமுக்கணும், ஆள் மாத்தி மாத்தி, மூணுலேர்ந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அட்ரினலின், வயசானவங்களுக்கு விலா எலும்பு உடையற சத்தம் கைக்குத் தெரியும். புத்துநோய் உடம்பு முழுக்கப் பரவின ஒரு பாட்டிக்கு, வீட்டுல எல்லாரும் என்ன ஆனாலும் பண்ணுங்கன்னு எழுதிக் குடுத்ததால, செஞ்சோம். அவங்க பிள்ளைங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. அவங்களும் கெட் மாதிரிதான், அந்தச் சரிவுல பின்னாடியே ஓடறாங்க, விட முடியல. இங்க சட்டமே இதுக்கு மெதுவாதான் வந்துச்சு, கண்ணியமா சாகறதும் வாழற உரிமையில ஒரு பகுதின்னு சுப்ரீம் கோர்ட் 2018ல சொல்லி, அந்த நடைமுறை ரொம்பச் சிக்கலா இருக்குன்னு 2023ல கொஞ்சம் எளிமையாக்கினாங்க. ஆனா சட்டப் பேப்பர் எனக்குச் சொல்லாததை அந்த அத்தியாயம் சொல்லுச்சு: விட முடியாம போறது அன்பாலதான், அப்படிப் போறவங்களையும் யாராவது இந்தப் பக்கம் நின்னு தொட்டுத் திருப்பிக் கூட்டிட்டு வரணும். அந்தப் பாட்டியோட மகனை அன்னைக்கு ஆயாம்மாதான் தோளைப் பிடிச்சு உக்கார வச்சு தண்ணி குடுத்தாங்க. இப்ப நான் கோட் ப்ளூ (இதயம் நின்னுட்டா எல்லாரையும் கூப்பிடற அவசர அழைப்பு) ஓடறப்ப கதவுக்கு வெளிய நிக்கிறவங்ககிட்ட ஒரு ஆளை நிக்க வைக்கணும்னு பிடிவாதமா இருப்பேன். ஸ்டாஃப் பத்தாதுன்னு சொன்னாலும் சரி.

கூட வேலை பாக்கறவங்க சிலர் கேப்பாங்க, இதெல்லாம் உண்மைல இருந்து தப்பிச்சு ஓடறதுதானே, நீ இவ்ளோ பகுத்தறிவு பேசற, டிராகன் கதை படிக்கிறியேன்னு. தப்பிக்கறதுங்கற பேச்சுக்கு 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதின டோல்கீன் 1939லயே ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் யுனிவர்சிட்டில பேசின பேச்சுல பதில் சொல்லிட்டார், ஜெயில்ல கெடக்குறவன் வெளிய போகணும்னு நினைச்சா, ஜெயில் சுவரைத் தவிர வேற எதையாவது பேசினா, அதுல என்ன தப்புன்னு கேட்டார். அவர் தீவிரமான கத்தோலிக்கர், என்னோட ஒத்துப் போகாத மனுஷர், ஆனா அவர் முதல் உலகப்போர்ல, 1916ல, பிரான்ஸ்ல ஸோம் போர்க்களத்துல இருந்தவர், பதுங்குகுழிக் காய்ச்சல் வந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, ஆஸ்பத்திரியிலயும் மெடிக்கல் லீவுலயும் இருந்தப்பதான் தன்னோட உலகத்துக் கதைகளை எழுத ஆரம்பிச்சவர். போர் முடியறதுக்குள்ள நெருங்கின நண்பர்கள்ல ஒருத்தரைத் தவிர எல்லாரும் போயிட்டாங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்து எழுதின ஒருத்தரை, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்துல நிக்கிற நான் ஓடிப் போறவர்னு எப்படிச் சொல்வேன்.

பகுத்தறிவுக் கேள்விக்குப் பதில் எங்க அப்பாவே குடுத்துட்டார். வீட்டுல புராணப் புத்தகம் கிடையாது, ஆனா பழைய அம்புலிமாமா கட்டுக்கட்டா இருக்கும், வேதாளம் முருங்கை மரத்துல தொங்கும், விக்ரமாதித்தன் தோள்ல தூக்கிட்டு நடப்பான், நான் படிச்சுட்டு ராத்திரி அப்பா பக்கத்துல போய்ப் படுத்துக்குவேன். பக்கத்து வீட்டுத் தோழர் கேட்டாராம், பிள்ளைக்குப் பேய்க்கதை குடுக்கறீங்களேன்னு. அப்பா சொன்னது, "கதைன்னு சொல்லித்தானே குடுக்கறேன், நெசம்னு சொல்லிக் குடுத்தாதான் தப்பு." எனக்கு இன்னைக்கு வரைக்கும் இதுதான் அடிப்படை. எர்த்ஸீ எங்கிட்ட நம்பிக்கையைக் கேக்கல. யாரும் அதுக்காக என்கிட்ட உண்டியல் நீட்டல, நம்பாட்டி நரகம்னு சொல்லல. கல் சுவர் உண்மையில கிடையாதுன்னு எழுதினவங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அப்படி ரெண்டு பேரும் தெரிஞ்சே அந்தச் சுவர் பக்கத்துல உக்காந்து சாவைப் பத்திப் பேசறோம். பொய் இல்லாத ஆறுதல்னா எனக்கு அதுதான்.

இன்னொரு விஷயம், வேத புத்தகங்கள்ல நடக்காதது இங்க நடந்துச்சு. எர்த்ஸீல செத்தவங்க போற ஊர் ஒரு வறண்ட நிலம், காத்து இல்ல, நட்சத்திரம் நகராது, அம்மா பிள்ளையைப் பாத்தாலும் அடையாளம் தெரியாம தாண்டிப் போவாங்க. 1972ல வந்த மூணாவது நாவல்ல ஒரு மந்திரவாதி சாகாம இருக்கணும்னு ஆசைப்பட்டு வாழறவங்களுக்கும் செத்தவங்களுக்கும் நடுவுல ஒரு ஓட்டை போட்டுடறான், உலகத்துல இருக்கிற உயிர்ப்பு எல்லாம் அது வழியா வடிஞ்சு போகுது, பாட்டுக்காரங்களுக்குப் பாட்டு மறக்குது, நெசவுக்காரங்களுக்குக் கைவேலை மறக்குது, கெட் தன் சக்தி மொத்தத்தையும் செலவழிச்சு அதை மூடறான். அற்புதமான நாவல். ஆனா லெ குவினுக்கே அந்த வறண்ட நிலம் உள்ள உறுத்திக்கிட்டே இருந்திருக்கு போல. 2001ல, கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழிச்சு, 'தி அதர் விண்ட்'னு இன்னொரு நாவல் எழுதி, அந்தச் சுவரையே இடிச்சுத் தள்ளிட்டாங்க. செத்தவங்களை அப்படி அடைச்சு வச்சதே மனுஷங்க சாகாம இருக்க ஆசைப்பட்டு செஞ்ச தப்புன்னு ஆக்கி, எல்லாரையும் வெளிய விட்டுட்டாங்க, மண்ணோடயும் காத்தோடயும் கலக்கறதுக்கு. தான் கட்டின மறுமையை ஒருத்தங்க தன் எழுபது வயசுல திரும்பிப் பாத்து இது சரியில்லன்னு இடிக்கிறதுக்கு எவ்ளோ நேர்மை வேணும். எனக்கு அந்த நேர்மை மேல இருக்கிற மரியாதையைத்தான் பக்தின்னு சொல்லணும்னா சொல்லிக்கலாம்.

கிட்டத்தட்ட அதே நேரத்துல, 2000ல, இங்கிலாந்துல ஃபிலிப் புல்மனும் இதே மாதிரி ஒண்ணு எழுதினார், 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்'. விட்பிரெட்னு பிரிட்டன்ல குடுத்த இலக்கிய விருதுல, 2001க்கான 'வருஷத்துச் சிறந்த புத்தகம்'ங்கற பெரிய பரிசு அதுக்குக் கிடைச்சுச்சு, குழந்தைகள் புத்தகம் ஒண்ணுக்கு அது கிடைச்சது அதுதான் முதல் தடவை. புல்மன் வெளிப்படையான நாத்திகர். அதுல லைரான்னு ஒரு சின்னப் பொண்ணு செத்தவங்க ஊருக்கு உயிரோட போறா. அங்க ஹார்ப்பின்னு பறவை உடம்பும் பொம்பளை முகமுமா இருக்கிறதுங்க காவல், செத்தவங்க பண்ணின கேவலமான காரியத்தை எல்லாம் காதுல கத்திக்கிட்டே இருக்கிறதுதான் அதுங்க வேலை. லைரா முதல்ல ஒரு கட்டுக்கதையை அள்ளி விடறா, பொய் பொய்னு மேல பாயுதுங்க. அப்புறம் பேய்க் குழந்தைங்களுக்கு தான் வளந்த ஊர்ல செங்கல் சூளைக் களிமண்ணுல பிள்ளைங்க சண்டை போட்ட கதையை, அந்த மண் வாசனை முதற்கொண்டு சொல்றா, அதுங்க சத்தமில்லாம உக்காந்து கேக்குதுங்க. கடைசியில ஒப்பந்தம் ஆகுது: இனி சாகற ஒவ்வொருத்தரும் தான் வாழ்ந்ததை, பாத்ததை, தொட்டதை உண்மையாச் சொல்லணும், சொன்னா ஹார்ப்பிங்க வெளிய போற வழியைக் காட்டும். வெளிய போனா சொர்க்கம் இல்ல. காத்துல கரைஞ்சு போவாங்க. முதல்ல போற பையன் சிரிச்சுக்கிட்டே கரையறான்.

இதைப் படிச்சப்புறம் என் வேலையில ஒரு மாத்தம் வந்துச்சு, அதை நான் ரொம்பப் பெருசா நினைக்கிறேன். ட்யூப் எடுத்து கொஞ்சம் பேசற நிலைமைக்கு வந்தவங்ககிட்ட, ராத்திரி வைட்டல்ஸ் பாக்கப் போறப்ப, "ஐயா என்ன வேலை பாத்தீங்க, அதுல என்ன கஷ்டம்"னு கேக்க ஆரம்பிச்சேன். எத்தனை பிள்ளைங்கன்னு கேக்க மாட்டேன், அது பல பேருக்கு வலிக்கிற இடம். அரசு பஸ் ஓட்டின ஒருத்தர், மதுரைல இருந்து வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல் ஏத்தறது, மூடுபனியில ஹைபீம் போட்டா வெள்ளைச் சுவர் மாதிரி திருப்பி அடிக்கும் தாயி, லோபீம்ல ரோட்டோரத்தைப் பாத்துத்தான் ஓட்டணும்னு கையை ஸ்டியரிங் மாதிரி வச்சுச் சொன்னார், கையில கேனுலா இருக்கு, அசைக்காதீங்கன்னு நான் சொல்லலை. இன்னொரு அம்மா சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவங்க, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு, நகத்தாலயே துணியைக் கிள்ளி நூல் சுத்தணும், அந்த நகத்தை எனக்குக் காட்டினாங்க. அவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்டுக்குப் போனாங்க. இன்னொருத்தரை நான்தான் துடைச்சேன், துடைக்கிறப்ப அந்தக் கதை எனக்குத் தெரியும், வெறும் பெட் நம்பரைத் துடைக்கல.

பேர் சொல்றதும் அப்படித்தான் வந்துச்சு, அது எர்த்ஸீல இருந்து. எங்க யூனிட்ல ஷிப்ட் மாறி அடுத்த நர்ஸுக்கு ஓவர் குடுக்கறப்ப ஏழாம் நம்பர் சக்ஷன் பண்ணியாச்சு, ஒன்பது எக்ஸ்பயர்டுனுதான் பேசுவோம், வேகத்துக்கு அது வேணும், தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா உடம்பை ஒதுக்கறப்ப நான் முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "அம்மா, கண்ணைத் துடைக்கிறேன், இப்ப கையை நேராக்கறேன்"னு சொல்லிட்டுதான் செய்வேன். போஸ்டிங் வந்த ஸ்டூடன்ட் ஒரு பொண்ணு கேட்டா, "அவங்களுக்குக் கேக்குமாக்கா?" கேக்காதுன்னு சொன்னேன். அவ அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்காம, அடுத்த கையைத் தூக்கறப்ப அவளே பேர் சொன்னா.

எல்லாத்துக்கும் இந்தப் புத்தகங்கள் பத்தும்னு நான் சொல்ல வரல. நாலு வயசுப் பையன் ஒருத்தன் டெங்குல போனான், பெரியவங்க ஐசியூலதான் அன்னைக்கு பெட் இருந்துச்சு. அதுக்கு எந்த நாவலும் உதவல, உதவவும் கூடாதுன்னு நினைக்கிறேன். அன்னைக்கு ஜெபம் சொல்ற என் சீனியர் அக்காவும் ஜெபம் சொல்லல, ரெண்டு பேரும் ஸ்டெரிலைசேஷன் ரூம்ல நின்னு அழுதோம்.

எல்லாத்தையும் விட எனக்கு நெருக்கமானது 'தெஹானு', 1990ல வந்த எர்த்ஸீ நாவல். இதுல பெரிய மந்திரம் எதுவும் கிடையாது. ரெண்டாவது நாவல்ல கோயில்ல இருந்து தப்பிச்ச பொண்ணு டெனார், இப்ப நடுத்தர வயசு விதவை, தீயில எரிஞ்சுபோன ஒரு குழந்தையை எடுத்து வளக்கறா. கெட்டோட குருவான கிழவர் சாகப் போறார், ஆள் அனுப்பறார், அவ போய்ப் பக்கத்துல இருக்கா. அவர் வெளிய மரத்தடியில சாகணும்ங்கறார், தன்னோட உண்மைப் பேரை அவகிட்ட சொல்லிட்டுப் போயிடறார். அதுக்கப்புறம்தான் ரெண்டு பெரிய மந்திரவாதிங்க வந்து சேர்றாங்க, வந்ததும் உடம்பை எங்க புதைக்கிறது, எந்த ஊருக்கு அந்தப் பெருமைன்னு தகராறு. அவர் பேர் இதுன்னு டெனார் சொல்றா. அவங்க காதுலயே விழல, பேரைச் சொல்லாமப் போயிட்டாரேன்னு வருத்தப்படறாங்க. நான்தான் சொன்னேனேன்னு மறுபடி சொல்ல வேண்டியிருக்கு. கூட நிக்கிறது கிராமத்து சூனியக்காரக் கிழவி, நாறும், அழுக்குத் துணி, ஆனா செத்த உடம்பைக் கவனிக்க என்ன செய்யணும்னு அவளுக்குத் தெரியும்.

நான் அந்தப் பக்கங்களை வரி விடாம திரும்பத் திரும்பப் படிச்சிருக்கேன். ராத்திரி முழுக்க கூட இருந்தது யாரு, கடைசியா அவங்க என்ன சொன்னாங்கன்னு கேட்டது யாரு, காலைல ரவுண்ட்ஸ் வந்து பேசறது யாரு, வெளிய நின்னு சொந்த ஊருக்குக் கொண்டு போறதா இங்கயே எரிக்கிறதான்னு சண்டை போடறது யாரு. நாங்க சொல்வோம், "சார், அவர் ரெண்டு மணிக்குக் கண்ணு முழிச்சு தம்பியைக் கேட்டார்"னு. அது கேஸ் ஷீட்ல வராது. லெ குவின் ஐசியூ நர்ஸா இருந்ததில்ல, ஆனா எங்க வேலை எங்க இருக்கு, எங்க காணாம போகுதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்போலேர்ந்து நான் நர்ஸஸ் நோட்ஸ்ல எழுத ஆரம்பிச்சேன், "தம்பியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார், 2.10" அப்படின்னு, டெம்பரேச்சர் எழுதற அதே பேனாவுல. ஒரு டாக்டர் இது எதுக்குன்னு கேட்டார், நோயாளி சொன்னதை எழுதணும்னுதானே சார் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்கன்னேன், சரின்னுட்டார். ஒரு தடவை அந்தத் தம்பி மாதிரி ஒருத்தர், எல்லாம் முடிஞ்சு பில் கட்ட வந்தப்ப, அண்ணன் ஏதாவது சொன்னாரான்னு கேட்டார், நான் ஃபைலை எடுத்துப் பாத்து நேரத்தோட சொல்ல முடிஞ்சது.

அடுத்த மாசம் என்னை டயாலிசிஸ் யூனிட்டுக்கு மாத்தறாங்க. அங்க வர்றவங்க வாரத்துல ரெண்டு தடவை, சிலர் மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினோட உக்காந்திருப்பாங்க, வருஷக்கணக்குல அதே முகங்கள். என் சீனியர் அக்கா போறதுக்கு முன்னாடி தெஹானுவைக் குடுத்துட்டுப் போன்னு கேட்டிருக்காங்க, அவங்க இங்கிலீஷ்ல நாவல் படிச்சதில்ல, அதனால முதல் சில அத்தியாயத்தை டீ பிரேக்ல நான் தமிழ்ல சொல்லிக்கிட்டு வர்றேன், கிழவர் சாகற இடம் வரைக்கும் வந்தாச்சு. மந்திரவாதிங்க வந்து நிக்கிறப்ப அவங்களுக்குக் கோபம் வந்துடுச்சு. "அவ சொன்னதைக் கேக்க மாட்டேங்கறானுங்களே"ன்னாங்க. மிச்சம் இந்த வார நைட்ல சொல்லணும்.